அக்காவும் பி பாசிட்டிவ் ரத்தமும்

1984ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் மாடியேறியதும் நான் முதலில் கண்டது அக்காவின் கணவரை. முழங்கையை மடக்கிப் பஞ்சை இறுக்கிக்கொண்டு, போவோர் வருவோர் எல்லோரையும் பார்த்து மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பையன்! உங்க அக்காவுக்கு ரத்தம் நிறைய போயிடுச்சு. என் ரத்தத்தைத்தான் ஏத்துறாங்க. ரெண்டு பேருக்கும் பி பாசிட்டிவ். ஜாதகத்துலகூட இப்படிப் பொருத்தம் இல்லடா!"

அதன்பின் அவர் போன கல்யாணங்களில் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். நாங்களும் கேட்டோம்.

அக்கா பிறந்தது படப்பையில். அப்பாவுக்கு அங்கே காய்கறிக் கடை. அக்கா தட்டச்சு படித்து, குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். திருமணமாகிப் பீர்க்கன்கரணைக்கு வந்தார். அவர் பொறுமைசாலி என்று அவர் நினைவாக வெளிவரும் இம்மலரில் பலர் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. அக்காவுக்குச் சட்டென்று எரிச்சல் வரும். வரக் காரணமும் இருந்தது.

1987இல் இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்று மாலைக்குள் உடல் மஞ்சளானது. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. பப்பாளி தின்றதால் என்றார் ஒரு சித்தி. கிரகணத்தன்று வெளியே நின்றதால் என்றார் இன்னொருவர். அக்கா டாக்டரிடமே கேட்டார்.

"அம்மா நெகட்டிவா இருந்தாத்தான் பிரச்சினை. நீங்க ரெண்டு பேரும் பாசிட்டிவ், ஒரே குரூப். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அடுத்துப் பார்த்த டாக்டரும் இதையே சொன்னார். வெளியே வந்ததும் அக்கா வெடித்தார். "ஒரே குரூப், ஒரே குரூப்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்றாங்களேடா! அப்ப கொழந்தை ஏன் போச்சு?"

நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியில்தான் விடை கிடைத்தது. மாமா டீ குடிக்கக் கீழே போயிருந்தார். அங்கிருந்த பெண் டாக்டர் எங்கள் இருவருக்கும் விளக்கினார். சிவப்பணுக்களின் மேல் ஏ, பி, பாசிட்டிவ் தவிர வேறு பல அடையாளங்களும் உண்டு. வழக்கமான குரூப் பரிசோதனையில் அவை தெரியாது. அக்காவிடம் இல்லாத ஓர் அடையாளம் மாமாவின் ரத்தத்தில் இருந்தது. அது உள்ளே போனதும் அக்காவின் உடல் அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக்கொண்டது. அதே அடையாளத்தை அப்பாவிடமிருந்து பெற்று வளர்ந்த குழந்தையின் ரத்தத்தை அந்த எதிர்ப்புப் பொருள் அழித்தது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. முதல் பிரசவமேகூடக் காரணமாகலாம். பெரும்பாலும் ஏற்றிய ரத்தம்தான் என்றார் டாக்டர். இனியும் பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தைத் தவிர்ப்பதே நல்லது என்றார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "அவர்கிட்ட இதைச் சொல்லாதீங்க டாக்டர்."

வேறு குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை.

1994இல் மாமாவின் அக்கா மகன் சேகரின் மனைவி விஜிக்குக் கூடுவாஞ்சேரியில் முதல் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கும் இருவருக்கும் பி பாசிட்டிவ். சேகர் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"குடுடா சேகர்!" என்றார் மாமா. "நான் குடுக்கல? உங்க அத்தை பொழைக்கல?"

"வேணாம் சேகர்," என்றார் அக்கா. "வெளியே யாரையாவது கேப்போம்."

"ஏன் அத்தை?"

"வேணாம்னா வேணாம்."

சேகரின் அம்மா எழுந்துவிட்டார். "என் தம்பி ரத்தம் மட்டும் உனக்கு இனிச்சுது, என் புள்ளை ரத்தம் மட்டமா?"

அக்கா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இந்தப் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கு. எடுக்காதீங்க."

சேகருக்குக் காமாலை வந்ததே இல்லை. "எனக்கா?" என்றான். யார் மறுத்தும் நர்ஸ் ஊசியைத் தொடவில்லை. எங்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அங்க ஒரே பேஜாரா கீது? நம்மளுது பி பாசிட்டிவ்தான். எட்த்துக்க சொல்லு."

பரிசோதித்தார்கள். பொருந்தியது. விஜி பிழைத்தார்.

சேகரின் அம்மா அதன்பின் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று மாமா பல நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் பழைய பி பாசிட்டிவ் கதையைத்தான் பேசினார். எனக்குத் தாங்கவில்லை. "உண்மையைச் சொல்லித் தொலையேன்," என்றேன்.

"சொன்னா, நான்தான் கொழந்தையைக் கொன்னேன்னு உக்காந்துடுவாரு. அப்புறம் தினம் அவரை எழுப்பிவிடறது யாரு, நீயா? அதுக்கு இந்தப் புராணத்தையே கேட்டுக்கறேன் போ."

மாமா காலமான பிறகு, எழுதுவதானால் எழுது என்று அக்கா அனுமதித்தார். அக்கா இதய நோயால் படுத்திருந்த கடைசி மாதங்களில் முறைவைத்துச் சமைத்து அனுப்பிய பீர்க்கன்கரணை அண்டை வீட்டார், மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஆட்டோக்காரரின் பெயரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் நன்றி.

விஜிக்கு அதன்பின் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.