லில்லித் தொட்டியில் பாலிடெலா

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மொட்டை மாடியில் நான் வைத்த செடிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. லில்லி மட்டும் பிழைத்தது. போன மழைக்குப் பிறகு அதையும் புழுக்கள் மொய்த்துவிட்டன. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் தின்றன. தெருமுனைக் கடை அண்ணாச்சி, "மருந்து அடிங்க, ஒரே நாள்ல செத்துரும்" என்றார். எனக்குக் கை வரவில்லை. கணவர் துபாயில், மகள் பெங்களூரில். வீட்டில் என்னைத் தவிர அசைவது அவைதான்.

புழுக்கள் மண்ணுக்குள் போயின. சில வாரம் கழித்து ஓர் அந்துப்பூச்சி தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. சிறகெல்லாம் கறுப்பு, சிவப்பு, மஞ்சள். அந்து என்றால் அரிசி டின்னில் பறக்கும் சாம்பல் நிறம்தான் என்று இருந்தவள் நான். பொழுது போகட்டும் என்று மகள் என்னை ஒரு பூச்சி வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். அதில் படத்தைப் போட்டேன். யாரோ ஒருவர் உடனே பதில் எழுதினார்: பாலிடெலா குளோரியோசே. செங்காந்தளின் அறிவியல் பெயர் குளோரியோசாவாம். அதைத் தின்னும் பூச்சி என்பதால் இந்தப் பெயராம். என் மாடியில் பிறந்தது செங்காந்தளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது, பாவம்.

அன்று முழுக்க அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். பெயரா முக்கியம்? கேட்டதும் ஒரு மனிதர் பதில் சொன்னாரே, அதுதான்.

மறுநாள் அதே பூச்சியை வேறு பக்கமிருந்து படம் எடுத்து, இது என்ன என்று கேட்டேன். அதே பெயர் வந்தது. அடுத்த நாளும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. குழுவில் ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். போட்டால் போகட்டும்.

பிறகு, பெயர் சொன்னவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "அக்கா, இதயேதான் திரும்பத் திரும்பக் கேக்கிய. பேரு ஒங்களுக்கே தெரியும். வீட்ல எல்லாரும் நல்லா இருக்கியளா?"

பேச்சிலேயே தெரிந்தது, நம் பக்கத்து ஆள். ஏரலோ, இங்கே பக்கத்தில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டையோ.

வெள்ளிக்கிழமை தோறும் கணவர் போனில் கேட்பதும் இதைத்தான். நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். அங்கே வெயிலில் நிற்கிற மனிதரிடம் வேறென்ன சொல்ல? என் விரல் இப்போதும் அதையே எழுதியது. அழித்தேன்.

"வீட்ல நான் மட்டுந்தான் தம்பி. நல்லா இல்ல" என்று அனுப்பினேன்.