குடுக்கை ஜெயித்த ஆட்டம்

அவசரக்குடுக்கை என்று அண்ணி வைத்த பட்டப்பெயர்தான் சுருங்கிக் குடுக்கை ஆனது. ராணுவச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் தொழிற்சாலையில்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தால், எதிராளி காயை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் இவள் கை பாய்ந்துவிடும்.

அண்ணி நேரெதிர். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. கன்னத்தில் கை வைத்து அவள் யோசிக்கத் தொடங்கினால் எதிராளிக்குக் கொட்டாவி வரும். கொட்டாவி முடிவதற்குள் ஆட்டம் கைநழுவிப் போயிருக்கும். நாட்டுப் பெண்களில் அவளை அசைக்க ஆளில்லை. குடுக்கை அவளிடம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அண்ணன் போர்முனைக்குப் போனான். கொஞ்ச நாளில் அவனிடமிருந்து தகவல் நின்றுபோனது. இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி மட்டும் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது. ஜெயிக்கிற ஒரே ஒரு பெண் வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போகலாம். எல்லை மூடிக் கிடந்த காலம். போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குண்டுக்குப் பயந்து ஒரு வங்கியின் நிலவறையில் மேசைகளைப் போட்டார்கள். கடைசி ஆட்டத்தில் அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

குடுக்கைக்குக் கவலையே இல்லை. எப்படியும் அண்ணிதான் ஜெயிப்பாள், உயிர் பிழைப்பாள். பாதி ஆட்டத்திலேயே குடுக்கை தோற்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது அண்ணி தன் ராணியை நகர்த்தி, குடுக்கையின் குதிரைக்கு நேர் வாயில் வைத்தாள். வைத்த கையை அவள் எடுத்தாளோ இல்லையோ, குடுக்கையின் விரல்கள் ராணியைத் தொட்டுவிட்டன. அண்ணி வேண்டுமென்றே வைத்தது அதன்பிறகுதான் புத்திக்கு எட்டியது. தொட்ட காயை வெட்டியே ஆக வேண்டும் என்பது விதி.

“அண்ணி...”

“பேசக் கூடாது” என்று நடுவர் அதட்டினார்.

வெட்டினாள். அண்ணி தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து கைகுலுக்கினாள். ராணியைப் போய்க் கோட்டை விட்டுவிட்டாளே என்று கூடியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

படிக்கட்டில் குடுக்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?”

“நீ யோசிச்சிருந்தா தொட்டிருக்க மாட்ட. நீதான் யோசிக்கவே மாட்டியே!” அண்ணி சிரித்தாள்.

“வாங்க, நடுவர்கிட்ட சொல்லிடலாம். நீங்க போங்க.”

“நான் எங்கடி போறது? உங்க அண்ணன் வந்து கதவத் தட்டினா யாரு தொறப்பா?”

குடுக்கை அழுதுகொண்டே எல்லை தாண்டினாள். அந்நிய ஊர்ப் பந்தயத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றாள். பனி விலகும் முன்பே தபால் நிலையத்தின் மேல் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை.

அதே வருடம் கைதிகளை மாற்றிக்கொண்டபோது அண்ணன் உயிரோடு வந்தான். வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. சண்டை ஓய்ந்தபின் தங்கையைத் தேடிவந்து, அவளுடைய இரண்டு அறை வீட்டில் தங்கி, ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினான். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் திடீரென்று கேட்டான்.

“அவ உங்கிட்ட தோத்ததே இல்லையே. அன்னிக்கு மட்டும் எப்படி?”

உள்ளதைச் சொன்னால், தனக்காகக் காத்திருந்துதான் அவள் செத்தாள் என்று இவனுக்குத் தெரிந்துவிடும். மிச்சமிருக்கிற உயிரும் போய்விடும். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குடுக்கை நிதானமாக யோசித்துப் பேசினாள்.

“அவங்க ஒரு தப்பு பண்ணாங்கண்ணா. நான் விடல.”

“விட்டுக் குடுத்திருக்கலாம்ல? அவ உசுரோட இருந்திருப்பா.”

“குடுத்திருக்கலாம்.”

அவன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோனான். அடுத்த மாதம் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். குடுக்கை அவன் பெட்டியை அடுக்கித் தந்து ரயில் நிலையம் வரை கூடவே போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். “போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்கண்ணா” என்றாள். ரயில் நகர்ந்தது. போன் வரவே இல்லை.