மாதியின் பாசிமாலை

மலையிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவரும் காணிக்காரர் மல்லன் காணியின் மகள் மாதி, பூதப்பாண்டியில் எங்களோடு தங்கிப் படிக்கிறாள். மலைச்சாதிப் பிள்ளைகள் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று சர்க்கார் சொன்னதால், அதற்கான சாதிச் சான்றிதழ் வாங்க அவளை நாகர்கோவில் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். பெரிய இடமாயிற்றே என்று காணிப் பெண்கள் கழுத்தில் போடும் பாசிமாலையைக் கழற்றிவைத்து, புதுப் பாவாடை உடுத்திவிட்டு, தலை பின்னி, திருநீறு பூசிவிட்டேன்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவளா காணிக்காரி? உங்க வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் மிச்சம் பிடிக்க வந்தியளோ?"

"முருகன் சத்தியமாட்டு மலைப்பிள்ளைதான் ஐயா."

"மலைப்பிள்ளை இப்படியா இருக்கும்? போங்க, போங்க."

வெளியே வந்ததும் மாதி, "அக்கா, நான் அழுக்காட்டு வந்திருக்கணுமா?" என்றாள். வள்ளியைத் தேடி முருகனே மலையேறினான். இவருக்கோ எதிரில் நிற்கிற பிள்ளையைத் தெரியவில்லை.

மறுவாரம் காணிகளின் தலைவரான மூட்டுக்காணியையும் கூட்டிக்கொண்டு, பாசிமாலையோடு அவளை நிறுத்தினேன். அதே அதிகாரி மாலையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் தினமும் தலை பின்னி, திருநீறு பூசி, அந்த மாலையையும் போட்டே பள்ளிக்கு அனுப்புகிறேன். காணிப் பிள்ளை இப்படியும் இருக்கும் என்று பார்க்கிறவர்கள் பழகட்டும்.