குழாய்க்குப் பயந்து சுற்றிப் போனோம்

போன மாதம் எங்கள் பக்கத்துப் பெரிய தெருவில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணியடித்து வைத்தார்கள். அதன் நுனியில், மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டி ஒன்றும் இருந்தது. வாகனங்களை எண்ணுகிற சாமானாம். குழாயை அடித்த மஞ்சள் சட்டைக்காரர் என்னைப் பார்த்து பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’ என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒன்று தெரியும்... எண்ணுகிறவன் சும்மா எண்ணமாட்டான். ஊரில் ஆமிக்காரர் எங்களை எண்ணிப் பதிந்துகொண்டு போன பிறகு நல்லது ஏதும் நடந்ததா?

மேல்வீட்டுப் பாலன் அண்ணையைக் கேட்டேன். அவர் என்னையும் மிஞ்சினார்.

“தம்பி, உது கார் நம்பரைப் பிடிக்கிற சாமான். பேந்து வீட்டுக்கு பில் வரும், இருந்து பார்.”

போதாதா? வெள்ளிக்கிழமை கோயிலில் கதை பரவியது. அடுத்த கிழமை தமிழ்க் கார்கள் எல்லாம் குழாயில் முட்டாமல், எங்கள் சின்னத் தெருவுக்குள் புகுந்து சுற்றிப் போயின. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் புகுந்தார்கள். நானும்தான்!

அந்த நாட்களில் எங்கள் தெரு முனையில் ஒரு பெண் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். குளிரில் பாவம் என்று என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் அவள்தான்.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் நகரசபைக் கூட்டம். மேடையில் யார்? அதே பெண்! பெரிய தெருவைக் குழாய் எண்ண, எங்கள் தெருவை அவள் எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

ஐரோப்பிய நகரங்களின் படங்களைக் காட்டினாள். அங்கே ஒரு விதியாம் — தூரத்திலிருந்து வரும் லொறிகள் ஊருக்குள் நுழைந்தால், ஏற்கனவே வாகனம் கூடிய தெருவால்தான் போகவேண்டும். அமைதியான தெரு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். அதை இங்கேயும் செய்து பார்க்கப் போகிறார்களாம். நல்ல விதிதான். வரைபடம் வந்தது. பெரிய தெரு பச்சை, வாகனம் குறைந்த அமைதித் தெருவாம். லொறிக்கான சிவப்புக் கோடு... எங்கள் வீட்டு வாசலால் போனது.

கோடாகப் போட்டால் எல்லாத் தெருவும் ஒரே அகலம்தான்.

மனைவி என் பக்கம் குனிந்தாள். “அப்ப நாளைக்குப் பிள்ளையை கார்தெரிக்கு எப்பிடிக் கொண்டுபோறது? உந்த லொறியளுக்குள்ளாலயோ?”

மகளுக்கு மூன்று வயது. கார்தெரி, அதுதான் குழந்தைகள் காப்பகம், எங்கள் தெருவின் மறுகரையில். பாலன் அண்ணையைப் பார்த்தேன். அவர் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். என் உடைந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குழாய்க்கு ஏன் பயந்தீர்கள் என்றுதான் கேட்டாள். அதை எந்த மொழியில் சொல்வது? முடிவெடுக்க முதல் இன்னொரு தரம் எண்ணுவதாகச் சொன்னாள்.

இப்போது காலையில் வேலைக்குப் போகும்போது குழாய்க்கு மேலால் போகிறேன். பால் வாங்க தெருமுனை டெபனர் கடைக்கு நடந்தே போகலாம். அதற்கும் காரில், குழாய்க்கு மேலால் போகிறேன். எனக்கு முன்னால் பாலன் அண்ணையின் கார், பின்னால் கோயில்காரர்கள்.

நேற்று மஞ்சள் சட்டைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என் காரைப் பார்த்துச் சிரித்தார்.

ஏன் சிரித்தார்?