நான்காவது தூண்

எர்மீனியோ ஃபுர்தாடோ பஷேகு (1937–2016).

அட்லாண்டிக் கடலின் நடுவிலுள்ள சான் மிகுவேல் தீவில் பிறந்தவர். வாலிப வயதில் கனடாவுக்குக் கப்பலேறி, முதலில் இரயில்பாதையில் உழைத்தார். பிறகு வின்னிபெக் நகரத்தில் வீடுகளுக்குக் கான்கிரீட் போடும் தொழிலில் இறங்கி, ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். அவர் பிறந்த தீவின் மண் எரிமலை உமிழ்ந்த கரிமண். ஊற்றிய நீரை அப்போதே குடித்துவிட்டுச் சாதுவாகக் கிடக்கும். வின்னிபெக்கின் களிமண்ணோ மழைக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், குளிர்காலத்தில் ஆள் உயரத்திற்கு உறைந்து தன்மேல் இருப்பதையெல்லாம் தூக்கிப் பார்க்கும்.

அந்த மண்ணை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அடித்தள உத்தரம் போடும்போது அதன் கீழே அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல்தான் கான்கிரீட் கொட்டுவார். நாளடைவில் அட்டை நனைந்து மக்கிப்போகும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்தில் உப்பிக்கொள்ளும், வீட்டைத் தூக்காது. பனிக்காலத்தில் போட்ட தளத்திற்கு வைக்கோல் பரப்பித் தார்ப்பாய் போர்த்தி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அடிக்கடி கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். உறைந்த தரையில் படிக்கட்டு கட்டித் தரும்படி அவசரப்படுத்தியவர்களிடம், “தாராளமாக் கட்டலாங்க. பனி உருகினதும் உங்க படி அடுத்த வீட்டுக்கு மருமகளாப் போயிடும், பரவாயில்லையா?” என்று கேட்பார்.

அவரோடு கடைசிவரை வேலை பார்த்தவர் அவருடைய மைத்துனர் துவார்த்தே. மனைவி தெயோலிந்தாவின் தம்பி. “அத்தான் மண்ணுகிட்ட பேசுற அளவுக்கு எங்க அக்காகிட்ட பேசியிருந்தா, அந்த வீட்டுல இன்னும் நாலு குழந்தை பொறந்திருக்கும்” என்பது துவார்த்தேயின் நிரந்தரக் கேலி. பிறந்தது ஒரே மகள், ஒதீலியா. அவள் மணமாகி மேற்கே கால்கரியில் இருந்தாள்.

விக்டர் தெருவில் அவர்களுடையது போருக்கு முந்தைய பழைய வீடு. அதன் நடு உத்தரத்தை நிலவறையில் மூன்று இரும்புத் தூண்கள் தாங்கின. ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு பெரிய திருகு. இலையுதிர் காலத்தில் மண் சுருங்கி வீட்டின் நடுப்பகுதி இறங்கும்போது திருகைச் சற்று உயர்த்த வேண்டும். வசந்தத்தில் உப்பும்போது சற்று இறக்க வேண்டும். அந்தத் தெருக்காரர்கள் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதுபோல் இதைச் செய்துவந்தார்கள். எர்மீனியோ முதலில் ஸ்பேனரால் தூணை ஒரு தட்டுத் தட்டுவார், பாரம் ஏறியிருக்கிறதா என்று சத்தத்தைக் கேட்பார், அதன் பிறகே திருகுவார்.

அந்த நிலவறையில்தான் குடும்பமே வாழ்ந்தது. மேல்தள அடுக்களை விருந்தாளிகளுக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. தெயோலிந்தா சமைத்ததெல்லாம் கீழேயிருந்த இரண்டாவது அடுப்பில். பக்கத்திலேயே திராட்சை மதுப் பீப்பாய், உலர்ந்த மீன், கீரைச் சூப்புக் கொதிக்கும் மணம்.

2011-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மேலே குளியலறைக் கதவு சாத்த மறுத்தது. பிறகு கூடத்துச் சுவரில், கிறிஸ்துவின் படத்திற்கு மேலே, ஒரு வெடிப்பு ஓடியது. அடுக்களைத் தரை நடுவில் ஆமை முதுகு போல எழும்பியது. மண்ணின் சேட்டைதான் என்று எண்ணித் தெயோலிந்தா தம்பியை வரவழைத்தாள். துவார்த்தே ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார், கீழே இறங்கினார், தூண்களின் தலையில் கைவிளக்கை அடித்தார். திருகின் மரைகள் விரல் நீளத்திற்கு வெளியே வந்து, புதிதாகப் பூசிய மசகில் பளபளத்தன.

“அக்கா, இது மண்ணு பண்ணின வேலை இல்ல.”

“பின்ன?”

துவார்த்தே மரையைத் தொட்டு, விரலில் ஒட்டிய மசகைக் காட்டினார். எர்மீனியோ அப்போதுதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். “என்னடா மச்சான், இந்தப் பக்கம்? வறட்சி ஜாஸ்தி, பாத்தியா. தூணெல்லாம் இறங்கிக் கிடக்கு. கொஞ்சம் ஏத்திவிடணும்.”

“நேத்துத்தான ஏத்தினீங்க அத்தான்?”

“நேத்தா? நேத்து நாம சார்ஜென்ட் தெருவுல தளம் போட்டோமேடா!”

சார்ஜென்ட் தெருத் தளத்தை அவர்கள் போட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

தெயோலிந்தாவுக்கு அதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும். சர்க்கரை ஜாடியில் சாவிக்கொத்து கிடந்தது. திருப்பலிக்குப் போகும் வழியில் அவர் இரண்டு முறை தெரு மாறினார். வயதென்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது தேற்றிக்கொள்ள இடமில்லை. நாள்தோறும், திருகியதை மறந்து மறந்து, அந்த மனிதர் தம் வீட்டைத் தாமே பிளந்துகொண்டிருந்தார்.

துவார்த்தே தூண்களைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில் இறக்கினார். தெயோலிந்தா ஸ்பேனரை மாவு மூட்டைக்குள் ஒளித்தாள். அது பெருந்தவறாயிற்று. சனவரி மாதக் கொடுங்குளிரில், புது ஸ்பேனர் வாங்குவதற்காக எர்மீனியோ வீட்டுச் செருப்போடும் கையுறையில்லாமலும் புறப்பட்டுப் போய்விட்டார். காவல்துறையினர் கண்டுபிடித்தபோது, எப்போதோ மூடப்பட்ட ஓர் இரும்புக்கடையின் வாசலில், திறப்பார்கள் என்று காத்து நின்றுகொண்டிருந்தார். இடக்கையின் இரண்டு விரல்நுனிகளை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஒதீலியா விமானமேறி வந்தாள். அழுதாள்; பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

“அம்மா, அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். பார்த்துக்க ஆள் இருக்காங்க.”

“நான் ஆள் இல்லையா?”

“வீடு ஒரு பக்கம் பிளக்குது, அவர் ஒரு பக்கம் உறைஞ்சுபோறார். உன்னால எதைப் பிடிச்சு நிறுத்த முடியும்?”

“ஐம்பது வருஷமா எதையெல்லாம் பிடிச்சு நிறுத்தினேன்னு உனக்கு என்னடி தெரியும்?”

“சரி. இன்னும் ஒரு தடவை ஏதாவது நடந்துச்சுன்னா நான் கேக்கமாட்டேன்.”

மகள் போன பிறகு தெயோலிந்தா நிலவறையில் நெடுநேரம் நின்றாள். ஸ்பேனர் இருந்தால் வீடு போகும். இல்லாவிட்டால் அவர் போவார். அவள் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: “அவருக்குன்னு ஒரு தூண் வை.”

துவார்த்தே மூன்று தூண்களையும் பலகையடித்து மூடி வெள்ளை வண்ணம் பூசினார். மதுப் பீப்பாய்க்கு அருகே நான்காவதாக ஒன்றை நட்டார். அதன் தலையில் திருகு இருந்தது, மரை இல்லை. எவ்வளவு திருப்பினாலும் ஏறாது, இறங்காது. கையில் பாரம் தெரியவேண்டும் என்பதற்காக உள்ளே தோல் வளையங்களைத் திணித்து இறுக்கினார். “அத்தானோட மூளை ஏமாந்துபோகும். கை ஏமாறாதுக்கா, அதான்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது பலித்தது. காலைக் காப்பி முடிந்ததும் எர்மீனியோ கீழே இறங்கித் தூணைத் திருகுவார். கைகழுவிவிட்டு, “ஏ தெயோ, வீடு நிமிந்துடுச்சு. சூப்பை ஊத்து” என்பார். சில நாள் நான்கைந்து முறை. கதவு சாத்தியது, கூடத்து வெடிப்பைப் பூசி மறைத்தாயிற்று. கிறிஸ்துமசுக்கு வந்த ஒதீலியா அப்பா பாடுவதைக் கேட்டாள். இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்காமலே திரும்பினாள். இப்படி இரண்டு குளிர்காலம் கழிந்தது.

மூன்றாவது குளிர்காலத்தின் கடைசியில், கூரையிலிருந்து பனி சொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலையில், தெயோலிந்தா இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எர்மீனியோ ஸ்பேனரால் தூணைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். இந்த இரண்டாண்டில் அவர் அதைத் தட்டியதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நெடுநாள் மறந்திருந்த வழக்கம் அன்று எங்கிருந்தோ திரும்பியிருந்தது. இரும்பு, சும்மா தொங்கும் மணிபோல, வெகுநேரம் ரீங்கரித்தது.

அவர் அவள் பக்கம் திரும்பி, தலைத் தொப்பியைக் கழற்றினார்.

“அம்மா, நீங்கதான் இந்த வீட்டுக்காரங்களா?”

தெயோலிந்தாவின் கைகள் மாவுக்குள்ளேயே நின்றன. ஐம்பது ஆண்டில் அவர் அவளை ‘நீங்க’ என்றதில்லை.

“ஆமாங்க” என்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க. இந்தத் தூண் எதையும் தாங்கல, சும்மா நிக்குது. திருகும் போலி. காசு வாங்கிட்டு இப்படிப் பண்றவன் நல்லா இருப்பானா?”

“யாரும் ஏமாத்தலைங்க. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“நீங்களா? எதுக்கும்மா?”

“எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்குத் தினமும் திருகணும். நிஜத் தூணைத் திருகினா வீடு உடைஞ்சுபோகுது.”

“அவருக்கு வேலை தெரியாதோ?”

“தெரியாம என்ன! இந்த ஊர்லயே அவரை மாதிரி வேலை தெரிஞ்சவங்க கிடையாது.” அவள் மாவிலிருந்து கையை எடுத்தாள். “இப்ப மறந்து போச்சுங்க.”

எர்மீனியோ தொப்பியைக் கையில் சுழற்றியபடி யோசித்தார். நுனியிழந்த விரல்கள் அதன் விளிம்பைத் தடவின.

“அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்கம்மா. வேலை தெரிஞ்ச மனுஷன் தாங்கமாட்டார்.”

“சொல்லமாட்டேங்க.”

“நான் தொட்டது தெரியாம, இருந்த மாதிரியே வச்சுட்டுப் போறேன்.” அவர் ஸ்பேனரைப் பொருத்தி, கவனமாகக் கால் சுற்றுத் திருகினார்; படிந்த மசகைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு படியை நோக்கி நடந்தார்.

“சூப்பு இருக்குது, சாப்பிட்டுப் போங்களேன்.”

“வேண்டாம்மா, வீட்டுல காத்துக்கிட்டிருப்பா. நான் போகாம அவ சாப்பிடமாட்டா.”

அதன் பிறகு அவரை அந்த வீட்டில் நிறுத்த யாராலும் முடியவில்லை. வேலை முடிந்தும் பிறர் வீட்டில் தங்குவது அவருக்கு ஒழுக்கக் கேடு. கோட்டை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே நிற்பார். துணையில்லாத பெண்ணின் வீடு என்று கட்டிலில் படுக்க மறுப்பார். அவள் ஊட்ட வந்தால், “எம் பொண்டாட்டி தப்பா நினைப்பாம்மா” என்று பணிவாகத் தட்டை விலக்குவார். ‘நான்தான் உங்க பொண்டாட்டி’ என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவர் முகத்தில் படர்ந்த அச்சத்தைக் கண்டு மறுமுறை சொல்லவில்லை. தூணை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அது அவருக்கு வேறொருவரின் தூண்.

கோடையில் அவர் எலும்பும் தோலுமானார். தெயோலிந்தா தானாகவே மகளை அழைத்தாள். இல்லத்தில் எல்லாரும் அந்நியரே என்பதால் அவர் அங்கே கூச்சமின்றிச் சாப்பிட்டார். மேலும் இரண்டாண்டு இருந்தார். பிற்பகலில் பார்க்க வரும் முதிய பெண்ணை எழுந்து நின்று வரவேற்பார், “உங்க வீட்டுக்காரர் சௌக்கியமாம்மா?” என்று தவறாமல் விசாரிப்பார். சௌக்கியம் என்று அவளும் தவறாமல் சொன்னாள்.

எர்மீனியோ பஷேகு அந்தத் தூணைக் கடைசியாகத் திருகியது 2014 மார்ச் 19, புதன்கிழமை.