பார் இல்லாத சைக்கிளுக்கு ஓர் இன்ஜின்

வீட்டுக் கதவுக்குக் கீல் வைக்க வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்த அன்றுதான் தையலக்காவை முதன்முதலில் பார்த்தேன். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, அதற்கு அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. சட்டைக்கு அளவெடுப்பது போலவே இருந்தது.

மேட்டின் உச்சியில் இருக்கும் மருத்துவமனைக்குக் கோட்டும் சீருடையும் தைத்துக் கொடுப்பவர் அவர். ஆர்டர் பேசுவது, தைப்பது, மூட்டை கட்டி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் அவரேதான். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கொழுந்தன் மூக்கை நுழைத்தான்.

“அண்ணி, நீங்க மிஷின்ல உக்காந்து தைங்க, போதும். கொண்டு போறது, ஆர்டர் பேசுறது எல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

ஆர்டர் பேசுவதில்தான் அவனுக்குக் கண். அதை விட்டுக்கொடுத்தால் சொந்தக் கடையிலேயே கூலிக்காரி ஆகிவிடுவோம் என்பது அக்காவுக்குத் தெரியாதா?

“கால்தானேடா வலிக்குது? வாய் நல்லாத்தான் இருக்கு” என்று வெட்டிவிட்டார்.

பழைய இரும்புக் கடையில் கிடந்த புல்வெட்டும் மெஷினின் இன்ஜினை வாங்கி ஓடவைத்தார். ஆனால் அதைச் சைக்கிளில் எங்கே உட்காரவைப்பது? சைக்கிள் கடையில் விற்கிற இன்ஜின் தாங்கியெல்லாம் நடுவில் பார் வைத்த சைக்கிளுக்கானது.

“வீட்டுக்காரர் சைக்கிளைக் கொண்டாங்கம்மா” என்றார் கடைக்காரர்.

அந்தப் பாரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட முடிந்தால், அக்காவுக்கு இன்ஜினே எதற்கு? முடியாது என்று சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்! அட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

அவர் வெட்டிய மாதிரியை வைத்து வெல்டர் இரும்புத் தகடு அறுத்தார். இரண்டு தகடுகளைப் பற்றவைத்து, சைக்கிளின் கீழ்க்குழாயோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதிர்வு தாங்க இடையில் பழைய டயர்த் துண்டு. இன்ஜின் கம்பீரமாக உட்கார்ந்தது.

சீருடை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போன வெள்ளோட்டத்தில் மேடு தொடங்குமுன்பே செயின் கழன்று விழுந்தது. மாட்டினார், மறுபடியும் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த கொழுந்தனுக்குக் குஷி தாங்கவில்லை.

“பட்டன் கழண்டா தைச்சுக்கலாம் அண்ணி. செயின் கழண்டா?”

அக்கா சைக்கிளைப் பட்டறைக்கே தள்ளிவந்து, இன்ஜின் பல்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துப் பல்லுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நூல் கோணலாகப் போனது. இன்ஜின் அரை அங்குலம் வெளியே தள்ளி நின்றது. அட்டையை எடுத்து நாடாவை வைத்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். கைப்பழக்கம்! துணிக்கு விடுவது போல, தையலுக்கென்று ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறார்.

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன்க்கா, இன்ஜின் குண்டானா பிரிச்சுத் தைக்கலாம்னா?”

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கொழுந்தன் அதற்குள் சீருடை மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தான். “இதுக்குத்தான் சொன்னேன், தெரிஞ்ச வேலையை மட்டும் பாருங்கன்னு. நாளைக்கு நானே போறேன்.”

“மூட்டையை இறக்கு.”

“அண்ணி, நான் என்ன சொல்றேன்னா...”

“இறக்குடா! தப்பா வெட்டினதும் நான்தான், தப்பைக் கண்டுபிடிச்சதும் நான்தான். நடுவுல நீ யாரு? மேட்டுல சைக்கிள் நின்னா தள்ளிக்கிட்டுப் போவேன். தள்ள முடியலன்னா மூட்டையை மட்டும் உருட்டிக்கிட்டுப் போவேன். மூட்டை என்கூடத்தான் வரும்.”

அவன் இறக்கினான். அக்கா வெல்டர் பக்கம் திரும்பினார். “சிரிச்சது போதும். அந்த அரை அங்குலத்தை அறுத்துட்டு மறுபடி பத்தவை.”

மறுநாள் காலை அந்த மேட்டில் புகையும் சத்தமுமாக ஒரு லேடீஸ் சைக்கிள் ஏறியது. பாதி மேட்டில் இன்ஜின் இருமியது, நிற்கவில்லை. செயினும் கழலவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கி, மூச்சுக்கூட வாங்காமல் அடுத்த ஆர்டரைப் பேசிவிட்டுத்தான் திரும்பினார்.

இப்போதும் தையலக்காதான் மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோகிறார். மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடையும் அவரிடமே வருகிறது. முழங்கால் வலி குறையவில்லை.