பேணியிலிருந்த கண்மருந்து

மூடியை நெம்பித் திறந்ததும் முதலில் மேலெழுவது கர்ப்பூர நெடி. அதன்பின் கசிந்து காய்ந்த இருமல் மருந்தின் தித்திப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் தகரத்தின் துரு மணம். எங்கள் வீட்டு மருந்துகள் யாவும் குடியிருந்த அந்தப் பெட்டியை ‘விசுக்கோத்துப் பேணி’ என்றே அழைத்துவந்தோம். கொழும்பில் எழுதுவினைஞராயிருந்த தந்தையார் விடுமுறைக்கு வருந்தோறும் கொணரும் குளிசைகளும் களிம்புகளும் அதற்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். நோய் தீர்ந்த பின்னரும் எஞ்சியவை அங்கேயே கிடக்கும்.

சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த வீட்டில், சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னரான துப்புரவின்போது, அந்தப் பேணி ஆண்டுக்கொருமுறை பாயிற் கவிழ்க்கப்படும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்க வல்லவள் வீட்டில் நான் ஒருத்தியே ஆதலால், பதினொரு வயதில் அந்தப் பணி எனக்குரியதாயிற்று. ஒவ்வொன்றின் நாளையும் நான் வாசிப்பேன். அம்மா இரு குவியல்களாகப் பிரிப்பார். நாள் எஞ்சியிருப்பவை ‘எங்களுக்கு’. நாள் கடந்தவை ‘அங்காலை’.

அங்காலை என்பது வேலிக்கு அப்புறம். தென்னோலைக் கிடுகு வேலியின் மூலையில் ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்க ‘பொட்டு’ ஒன்று இருந்தது. அதற்கப்பால், எங்கள் தோட்டத்தில் வேலைசெய்த வள்ளியும் அவள் மகள் தங்கமும் வாழ்ந்த குடிசை. பழஞ்சோறும் கிழிந்த சேலையும் போன வழியிலேயே எங்கள் காலங்கடந்த மருந்துகளும் போயின. “மருந்தை எறியக் கூடாது பிள்ளை, எறிஞ்சால் வருத்தம் திரும்பி வீட்டுக்கு வரும்” என்பார் அம்மா. எறியாமல் கொடுத்துவிட்டால் நோயும் வாராது, அறமும் செய்ததாகும். இந்த ஏற்பாட்டில் பிழையிருப்பதாக எங்கள் உறவினருள் எவரும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை.

அந்தப் பங்குனியில் ஊரெங்கும் கண்ணோய் பரவியிருந்தது. என் வயதினளும், புகையிலைக் கன்றுகளுக்கு நீர் பாய்ச்சுவதற்காக இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவளுமான தங்கத்துக்கு இடக்கண் சிவந்து நீர் வழிந்தது. பேணி கவிழ்க்கப்பட்ட நாளிலேயே வள்ளி பொட்டருகே வந்து நின்றாள். முந்திய ஆண்டு எனக்கு வாங்கிப் பாதியில் விடப்பட்ட கண்களிம்புக் குழாயை அம்மா அவளிடம் நீட்டினார். வள்ளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாச்சியார், குறை நினையாதேங்கோ. ஆசுபத்திரியிலை மருந்து கட்டுற மிசி சொன்னவ, மருந்தெண்டால் நாள் பாத்துத்தான் போடவேணுமாம். உதிலை நாள் கிடக்கோ?”

அம்மா சிரித்துவிட்டார். “கேட்டியேடி பிள்ளை! வள்ளி மருந்தைப் போடப்போறாளோ, அரசாங்கக் கச்சேரியிலை பதியப்போறாளோ தெரியேல்லை. வாசிச்சுச் சொல்லு.”

குழாயின் மடித்த நுனியில் எண்கள் பதிந்திருந்தன. காலை முழுவதும் இத்தகைய எண்களையே வாசித்திருந்தேன். இதனையும் வாசித்து, ‘அங்காலை’ என்று குவியலுக்கு அனுப்பியவள் நானே. குறித்த மாதம் கழிந்து அரையாண்டு ஆகியிருந்தது. வள்ளி என் வாயைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னே தங்கம் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணால் என்னைப் பார்த்தாள். அம்மா என்னை அச்சுறுத்தவில்லை, கண்சாடை காட்டவுமில்லை. ஆயினும், உண்மையைச் சொன்னால் அவர் கொடுத்த பொருளை அவர் எதிரிலேயே நான் பழித்ததாகும் என்று எனக்குத் தோன்றியது. வேலிக்கு அப்பால் நிற்பவள் எதிரில் அதைச் செய்யலாகாது என்பது, எவரும் கற்பியாமலே, எனக்குத் தெரிந்திருந்தது.

“ஓம், நாள் கிடக்கு” என்றேன்.

“பிள்ளை படிச்ச பிள்ளை, பிள்ளை சொன்னால் சரி” என்று வள்ளி குழாயை மடியிற் செருகிக்கொண்டாள்.

கையில் மருந்து இருந்தமையால் அவர்கள் காத்திருந்தார்கள். நான்கு நாள் தடவினார்கள். ஐந்தாம் நாள் கண் திறக்கவொண்ணாதபடி வீங்கியபின்னரே, மகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள் வள்ளி. இரண்டு கிழமை கழித்துத் திரும்பியபோது தங்கத்தின் இடக்கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழியின் நடுவே அரிசிக்குறுணை போல ஒரு வெண்மை. “கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமாம்” என்றாள் வள்ளி, எவரையும் குறைகூறாத குரலில். அக்கண்ணைக் கெடுத்தது நோயா, களிம்பா, காத்திருந்த நான்கு நாட்களா என்பதை நான் இன்றளவும் அறியேன். அந்த நான்கு நாட்களை அவர்களுக்குக் கொடுத்தது என் சொல் என்பதை அறிவேன்.

அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட வள்ளி, மடியிலிருந்து அந்தக் குழாயை எடுத்து நீட்டினாள். “மிச்சம் கிடக்கு நாச்சியார். எறியக் கூடாதெண்டு நீங்கள் சொல்லுறனீங்கள்.”

அம்மா அதை வாங்கிப் பேணிக்குள் இட்டு மூடினார். பிற்பகலில் நான் அதைத் திருடிச் சென்று எருக்குழியிற் புதைத்தேன். அடுத்த பருவத்தில் அக்குழியின் எரு தோட்டத்துக்குப் போனதும், அதை வெறுங்கையால் அள்ளித் தூவியவர்கள் அவ்விருவருமே என்பதும் நெடுங்காலம் சென்றே எனக்கு உறைத்தன.

தங்கம் என்மீது சினந்தாளில்லை. ஒருநாள் கிணற்றடியில் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, “சின்ன நாச்சியார், இப்ப நீங்கள் எனக்குப் பாதிதான் தெரியிறியள். மற்றப் பாதியை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை எனக்கு வாய்க்கவில்லை. அதையும் சிரித்தே கழித்தேன். சில ஆண்டுகளில் அவர்கள் ஊரைவிட்டுப் போயினர். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கண்டுபிடித்துவிடக் கூடுமே என்று அஞ்சினேன்.

நான் இன்றும் குடியிருக்கும் அதே வீட்டில், சென்ற ஆவணியில் என் கணவர் காலமானார். குளிர்சாதனப் பெட்டியிலும் சப்பாத்துப் பெட்டியிலுமாக அவர் விட்டுச்சென்ற மருந்துகளை என்ன செய்வதென்று அயலிலுள்ள மருந்தகத்திற் கேட்டேன். “நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை அம்மா. உறையாலை கழட்டித் தேயிலைச் சக்கையோடை பிசைஞ்சு, கட்டிக் குப்பை வண்டியிலை குடுங்கோ. நிலத்திலை மட்டும் ஊத்தாதேங்கோ, எங்கடை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை எல்லாம் கிணத்துக்குத்தான் போகும்” என்றார் அங்கிருந்தவர். அவ்வாறே செய்ய அமர்ந்தேன். சிறிது நேரம் சென்று பார்த்தபோது என் முன்னே இரண்டு குவியல்கள் இருந்தன. அவற்றை யார் பிரித்தார் என்று நானே திடுக்கிட்டேன்.

வீட்டுவேலைக்கு உதவியாக வரும் சாந்தி தும்புத்தடியோடு வந்து நின்றாள். “ரீச்சர், உந்தக் கண்மருந்தை ஏன் கொட்டப்போறியள்? மகளுக்கு நேற்றையிலையிருந்து கண் சிவந்து கிடக்கு. தாங்கோவன்.”

குழாயை வெளிச்சத்தில் ஏந்தி வாசித்தேன். “நாள் முடிஞ்சுபோச்சு, சாந்தி.”

“எத்தினை நாள்?”

“மூண்டு மாதம்.”

“மூண்டு மாதத்திலை என்ன பழுதாகப்போகுது? குப்பைக்காரனுக்குக் குடுக்க மனம் வருது, எங்களுக்குக் குடுக்க வரேல்லைப் போலை.”

அவள் எதிரிலேயே களிம்பு முழுவதையும் தேயிலைச் சக்கைக்குள் பிதுக்கினேன். காலையில் மகளைக் கண் மருத்துவரிடம் நானே கூட்டிச் செல்வதாகச் சொன்னேன். “நாங்கள் பாத்துக்கொள்ளுவம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத் தொடங்கினாள். மறுநாள் காலை மகளோடு வாசற்படலையடியில் நின்றவள், “ஓட்டோ வந்திட்டுது” என்று மட்டும் சொல்லி, மகளை எனக்கும் தனக்கும் நடுவே இருத்திக்கொண்டாள். முப்பதாண்டு மாணவர்க்குச் சொல்லே கற்பித்த நான், தங்கத்தைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கும் வகை தெரியாமல், வழிநெடுக அந்தச் சிறுமியின் சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடுகு வேலி போய்விட்டது. பொட்டு இருந்த மூலையில் இப்போது ஆளுயரச் சீமெந்து மதில்; அப்பால் யாரோ வெளிநாட்டிலிருப்பவர் வாங்கிப் பூட்டிய வெறுங்காணி. ‘நாள் முடிஞ்சுபோச்சு’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கு மேல் ஆகவில்லை. பதினொரு வயதிலும் அவ்வளவே ஆகியிருக்கும்.